பத்துப் பேருக்கும் இருபத்திரண்டு

ஈஸ்ட் ஹாமில் ஒரு மரக்கறிக் கடை. தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். வல்லாரைக் கட்டொன்றைக் கையில் எடுத்து, அடித்தண்டு அழுகியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் யாரோ சட்டென்று திரும்பினார்கள். ஈரத் தரையில் றப்பர்ச் சப்பாத்து கீச்சிட்டது. ஒரேயொரு கீச்சு.

"ஏழு" என்றது என் வாய்.

கடைக்காரத் தம்பி நிமிர்ந்து பார்த்தார். "ஏழு கட்டோ அக்கா? வீட்டிலை விருந்தோ?"

"இல்லைத் தம்பி. ஒண்டு போதும்."

ஒரு கட்டுத்தான் வாங்கினேன். ஆனால் ரயில் நிலையம் வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டே வந்தது. அந்தக் கீச்சு என்னை இன்னும் ஒரு மடக்கு மேசைக்குப் பின்னால் உட்கார வைக்கிறது. இடது பக்கத்தில் அவர். கையில் பென்சில். வாயருகே ஒரு சின்ன மைக். யாரோ ஓடுகிறார்கள், யாரோ திரும்புகிறார்கள், அது யாரென்று நான் உடனே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

அவர் எங்கள் தமிழ்த் தொலைக்காட்சியில் இருபத்திரண்டு வருடம் கூடைப்பந்து வர்ணனை சொன்னவர். இந்த ஊர் உதைபந்துக்குப் பைத்தியம். நாங்கள் ஒரு மூலையில், லூயிஷாமில் கவுன்சில் விளையாட்டு மண்டபமொன்றை ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்து, பழைய மாணவர் சங்கங்களின் பெயரால் அணி கட்டி, வளையத்துக்குள் பந்து போட்டுக்கொண்டிருந்தோம். விளையாடியவர்களில் பாதிப் பேர் அந்தப் பள்ளிக்கூடங்களின் வாசலைக்கூடக் கண்டதில்லை. அப்பா படித்த பள்ளிக்கூடம் என்பது போதும். தொலைக்காட்சிக்கு ஸ்டூடியோ என்று இருந்தது ஒரு டயர்க் கடைக்குப் பின்னாலிருந்த அறை. இரண்டு கமெரா, ஒரு வான் வண்டி. அவ்வளவுதான். ஆனால் ஞாயிறு மூன்று மணிக்கு லண்டனில் எத்தனையோ வீடுகளில் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் மடியில் இருக்க, அவருடைய குரல் ஓடிக்கொண்டிருக்கும்.

அவர் ஆட்டக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "பெயரைச் சொன்னா ஆருக்கு விளங்கும்? ஒரே பெயரிலை அஞ்சு பேர் ஓடுறாங்கள்" என்பார். ஆற்றை பிள்ளை, யாருடைய மகன் என்றுதான் சொல்வார். ஈஸ்ட் ஹாமில் நகைக்கடைக்கு மேல்வீட்டில் இருந்தவரின் நடுவிலான். சிவன் கோயிலில் செருப்புப் பார்க்கிற அக்காவின் மருமகன். மன்னார் பக்கத்தார் ஒருவரின் மகனை, "பூசைக்குப் பிந்தி வந்தாலும் பந்துக்கு முந்தி வாறவர்" என்பார். ஒருமுறை, "குரோய்டனிலை விசாக் கந்தோர் வரிசையிலை எனக்கு முன்னாலை மழைக்குள்ளை நிண்டவரின்ரை மகன், எழும்புறான், எழும்புறான், போட்டிட்டான்!" என்றார். அந்த அப்பா அன்றைக்குச் சோற்றை முடிக்கவில்லையாம். சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் வாசல் கதவைத் திறந்து, மழை பெய்யாத தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

ஆட இறங்காமல் ஓர வாங்கிலேயே சீசனைக் கழித்தவனையும் அவர் விடமாட்டார். "உவர் இண்டைக்கு வாங்கைக் காவல் காக்கிறார்" என்று ஒரு வரியாவது சொல்வார். அந்த ஒரு வரிக்காக ஒரு தாய் முழு ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் புள்ளி எழுதுகிறவள். கிழமை நாட்களில் கவுன்சிலில் வீட்டு விண்ணப்பங்கள், ஞாயிறுகளில் புள்ளிச் சீட்டு. எனக்கு முகங்கள் மனதில் நிற்பதில்லை. எண்கள் நிற்கும். அவருக்கோ எல்லா முகமும் எல்லா வீடும் தெரியும். இருவரும் பத்து வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் அதிகம் பேசியதில்லை. இரண்டு வருடங்களுக்கு முந்திய மாரியில் ஒருநாள், இடைவேளையில் நான் நீட்டிய சீட்டை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு புள்ளிகளை வாசித்தார். ஒரு பிழையும் இல்லை. எல்லாம் ஞாபகத்திலிருந்து.

நான் அவருடைய மைக்கைப் பொத்திக்கொண்டு சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய கழுத்து சிவந்துபோயிற்று.

ஆட்டம் முடிந்து வான் வரை கூட நடந்தேன். தலையைக் காகம் மாதிரிச் சரித்து என்னைப் பார்த்தார். அந்தச் சரிவை நாங்கள் எல்லோரும் அவருடைய ஸ்டைல் என்று நினைத்திருந்தோம்.

"நடுவிலை ஒரு பொட்டு, தங்கச்சி. உம்மடை முகம் இருக்கவேண்டிய இடத்திலை கறுப்பா ஒரு பொட்டு. ஓரத்திலை காது தெரியுது. நல்ல தோடு."

"டொக்டர் என்னவாம்?"

"இனி வளரும், குறையாதாம். ரெண்டு கண்ணும்."

"அப்ப நிப்பாட்டுங்கோவன் அண்ணை."

அவர் வானின் கதவைத் தடவிக் கைபிடியைக் கண்டுபிடித்தார். "நிப்பாட்டத்தான் வேணும். ஆனா எனக்கு மாலை போட்டு அனுப்பட்டும். பாவம் எண்டு அனுப்பக்கூடாது. ஒருக்கா ஐயோ பாவம் எண்டு சொல்லிச்சினம் எண்டா, இவ்வளவு வருசமும் அதுக்குள்ளை போயிடும். பிறகு என்ரை குரல் ஒருத்தருக்கும் கேளாது. கண்தான் கேக்கும்."

அப்படித்தான் என் வாய்க்கு முன்னால் அந்தச் சின்ன மைக் வந்தது. தயாரிப்பாளர் அவசரத்துக்கு அவருடைய காதில் பேச வைத்திருந்த மைக் அது. "புள்ளி சொல்ல வசதி" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆட்டத்துக்கு முதல்நாள் தொலைபேசியில் பட்டியல் வாசிப்பேன். நீலத்தில் நாலு இன்னார், வெள்ளையில் ஒன்பது இன்னார். ஒருமுறை கேட்டால் அவருக்குப் போதும். ஆட்டத்தில் நான் எண் மட்டும் சொல்வேன். "நீலம் நாலு. நாலு. ஏழுக்குக் குடுத்திட்டான். ஏழு. போட்டாச்சு." ஒரு மூச்சுப் பிந்தி, அவருடைய வாயில் அந்த ஏழு நகைக்கடைக்கு மேல்வீட்டுக்காரரின் நடுவிலான் ஆகிவிடும். என் எண்களுக்கு அவர் வீடு கொடுத்தார். சனம் கேட்டது, சிரித்தது, ஒன்றும் தெரியாமல் அடுத்த கரண்டி கறியை விட்டது.

இரண்டு சீசன். இரண்டு சீசனும் நான் சரியாக மூச்சு விட்டேனா தெரியாது. வேலையில் யாரோ ஒருவரின் விண்ணப்பத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது கை நிற்கும். நாளைக்கு யாராவது சட்டை மாற்றிப் போட்டு வந்தால்? எனக்குத் தும்மல் வந்தால்? பல் விளக்கும்போது கண்ணாடியில் என்னையே பார்த்து எண்கள் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பிறகு அவர் விடைபெறப் போவதாக அறிவித்தார். குரல் களைத்துவிட்டது என்றார். வடக்கு, கிழக்கு, தெற்கு லண்டன் என்று ரசிகர்கள் எழும்பினார்கள். ஈஸ்ட் ஹாமில் சீலைக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் தலைமை எடுத்தார். எப்போதும் முதல் வரிசையில், கையில் பொரித்த ரோல்ஸ் பெட்டியுடன் இருக்கிறவர். கடைசி ஆட்டம் நட்பு ஆட்டம், நீலமும் வெள்ளையும். அந்தக் கிழமை அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். முதல்நாள் பட்டியல் வாசிக்கும்போது அதை அவருக்குச் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொன்னார், இறந்தவர்களின் பெயரைச் சொல்வது போல மெதுவாக. "கடைசியா ஒருக்கா, தங்கச்சி. நாப்பது நிமிசம்."

குரோய்டனிலிருந்து ட்ராம் ஏறி, எல்மர்ஸ் எண்டில் ரயிலுக்கு மாறி வந்தேன். நேரத்துக்கு முன்பே வந்துவிட்டேன். மண்டபம் நிறைந்திருந்தது. தரைப் பொலிஷும் பற்றிஸ் பொரித்த எண்ணெயும் கலந்த வாடை. கைக்குழந்தைகள், குளிருடுப்புக்குள் பட்டுச்சீலை, "அண்ணை எங்கடை ஞாயிறு" என்று மட்டையில் எழுதிப் பிடித்திருந்த கூட்டம். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்கள்.

அவர் கோட்டும் சூட்டுமாக வந்து இருந்தார். ஒலிவாங்கியைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர்ப் போத்தல் எங்கே என்று விரலால் அளந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அணிகள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தன. சனம் எழும்பிக் கத்தியது.

நீலம், இருபத்திரண்டு. நீலம், இருபத்திரண்டு. வெள்ளை, இருபத்திரண்டு. வெள்ளை, இருபத்திரண்டு.

நெஞ்சிலும் முதுகிலும் ஒரே எண். வாங்கில் போய் இருந்தவர்களுக்கும் அதே எண். அவருடைய வருடங்களைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்து, அவரைப் பார்த்து நெஞ்சைத் தட்டினார்கள். நான் பக்கத்தில் இருப்பவள், அவருக்குச் சொல்லிவிடுவேன் என்றுதான் குழுவிலிருந்து என்னை எடுத்திருந்தார்கள். அவ்வளவுதான். அன்பு. நான் நடுவரைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கி, "நட்பு ஆட்டந்தானே அக்கா, சும்மா எழுதுங்கோ" என்றார்.

கமெரா என் பக்கத்தில் இருந்தவரின் முகத்துக்கு வந்தது. எல்லோரும் அந்த முகத்தில் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார்கள். அவர் புன்னகைத்தார், கொஞ்சம் தள்ளி, யாருமில்லாத ஒரு மூலையைப் பார்த்து. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஏன் கத்துகினம்?"

"எல்லாரும் இருபத்திரண்டு, அண்ணை."

"எல்லாரும் எண்டா?"

"பத்துப் பேரும். வாங்கிலை இருக்கிறவையும். எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

பந்து மேலே போயிற்று. அவர் பேசவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் குரல் இல்லாமல் பந்து மேலே போனதை நான் கண்டதில்லை. சப்பாத்துகள் கீச்சிட்டன. மண்டப ஒலிபெருக்கியில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.  வெள்ளை என்று சொல்லலாம், நீலம் என்று சொல்லலாம். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. முன்வரிசையில் சீலைக்கடை அக்காவின் சிரிப்பு மெல்லக் குறைவதைப் பார்த்தேன்.

பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"நம்பர் எல்லாத்தையும் ஒண்டாக்கிப் போட்டு என்னைச் சோதிக்கினம். சரி. இண்டைக்கு எனக்கு லீவு. வேலையை நீங்கள் செய்யுங்கோ. பந்து இப்ப ஆற்றை பிள்ளையிட்டை?"

 பிறகு மேல் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "என்ரை மோனிட்டை!"

"நீர் ஆர் பிள்ளை? குரல் ஹரோ பக்கம் மாதிரிக் கிடக்கு."

"ஹரோதான் அண்ணை! பல் டொக்டரின்ரை மனிசி!"

"பல் டொக்டரின்ரை மூத்தவன், கொண்டு போறான், கொண்டு போறான்..."

"ஓடடா சோம்பேறி!" என்றாள் அந்தத் தாய்.

"தாயே சொல்லிட்டா, நான் சொல்லேல்லை. இப்ப ஆர்?"

"என்ரை!" "இல்லை, அது உங்கடை இல்லை அக்கா, என்ரை மருமோன். முடியைப் பாருங்கோ!" "முடி ரெண்டு பேருக்கும் ஒரே முடிதான், ஒரே சலூன்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. தாய்மாரும் தகப்பன்மாரும் பெரியம்மாமாரும் முறை வைத்துக் கத்தினார்கள். அவர் அந்தக் குரல்களைப் பிடித்துப் பிடித்து வீடு சொன்னார். எனக்கு வேலையே இல்லை. இருந்தும் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு தரம் எல்லோரும் சேர்ந்து களைத்துப்போனால்?

இடைவேளையில் வேறொன்று வந்தது. சீலைக்கடை அக்கா, பிரேம் போட்ட வாழ்த்துமடலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "நேரலையிலை வாசியுங்கோ அண்ணை. எல்லாருமாச் சேர்ந்து எழுதினது."

அவர் அதை மடியில் வைத்துக் கண்ணாடியை விரலால் தடவினார். "இதை நான் வாசிச்சா அழுதிடுவன். அழுதா மேக்கப் போயிடும். தங்கச்சி வாசிக்கட்டும்."

சிரிப்பு. நான் வாசித்தேன். குரல் நடுங்கியது. எல்லோரும் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாலாவது வரியில் வந்து நின்றேன். "இருபத்திரண்டு வருடம் நீங்கள் எங்கள் கண்ணாக இருந்தீர்கள்." என் வாய் என்னைக் கேட்காமலே மாற்றியது: "இருபத்திரண்டு வருடம் நீங்கள் எங்கள் குரலாக இருந்தீர்கள்."

கைதட்டினார்கள். அக்கா மட்டும் தட்டவில்லை. மேசைக்கு மேலால் குனிந்தார்.

"கண் எண்டெல்லோ எழுதினது, தங்கச்சி?"

நான் மடலைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அண்ணையைப் பார்த்தார். தலை சரிந்திருந்த விதம், போத்தலைத் தேடிய விரல்கள். நீண்ட நேரம் பார்த்தார். பெட்டியிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்துக் கடதாசியில் சுற்றினார். மற்றவர்களுக்குப் பெட்டியை நீட்டுகிறவர், அண்ணையின் உள்ளங்கையைப் பிடித்துத் திறந்து அதற்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போனார்.  ஆட்டம் முடியும்வரை நான் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்து ஆளிடம் ஏதாவது சொல்கிறாரா என்று.

சொல்லவில்லை. ஆனால் கடைசி நிமிடம் வந்தது. புள்ளிகள் சமம். எல்லோரும் எழும்பிவிட்டார்கள். எல்லோரும் கத்தினார்கள், வாங்குகளில் கால்களை அடித்தார்கள். என்ரை, எங்கடை, மோன், மருமோன், எல்லாம் ஒரே இரைச்சல். அந்த இரைச்சலில் ஒரு வீடும் கேட்கவில்லை. நீலம் மூன்று பேர் வளையத்துக்குக் கீழே. நான் "நீலம், நீலம்" என்று காதுக்குள் சொன்னேன். அது மட்டும்தான் என்னால் ஏலும். ஒரு நீண்ட கை எழும்பியது. பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. மணி அடித்தது.

"மருந்துக்கடைக்காரரின்ரை இளையவன்!" என்றார் அவர். ஒலிபெருக்கி அதிர்ந்தது. அவருடைய வாழ்க்கையின் கடைசிப் புள்ளி.

மருந்துக்கடைக்காரரின் இளையவன் வாங்கில் இருந்தான். முழங்காலில் ஐஸ் பை. அவனை எனக்கு அந்தக் காலால் மட்டும் தெரியும். நான்காவது பகுதி தொடங்கியபோது நொண்டிக்கொண்டு வெளியே வந்து, மருந்துக்கடைத் தகப்பனிடம் ஐஸ் பை வாங்கியவன். பந்து போட்டவன் வேறு ஒரு நெடுவல். அவன் கையைத் தூக்கியவன் தூக்கியபடி நின்றான். ஒலிபெருக்கியைப் பார்த்தான். பிறகு அதே கையால் வாங்கைக் காட்டி, அவன்தான் அவன்தான் என்று சைகை செய்துகொண்டு ஓடிப்போய் ஐஸ் பையோடு இருந்தவனைக் கட்டிப்பிடித்தான். இளையவன் ஒற்றைக் காலில் எழும்பிக் குனிந்து வணக்கம் சொன்னான். மண்டபம் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்டது. ஒலிவாங்கியை அணைத்தார்.

"ஏன் சிரிக்கினம்?"

"சந்தோசத்திலை, அண்ணை."

அவர் தலையைச் சரித்து என் காதைப் பார்த்தார்.  அதற்குள் மாலை வந்துவிட்டது, படம் எடுக்கிறவர்கள் வந்துவிட்டார்கள், குழந்தைகளை மடியில் வைத்தார்கள். "எங்கடை ஞாயிறை என்ன செய்யப் போறம் அண்ணை?" என்று ஒருவர் கேட்டார். "உடுப்புத் தோயுங்கோ" என்றார் அவர். ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை. நான் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லூயிஷாம் நிலையத்துக்கு நடந்தோம். மண்டபத்தின் மூலை திரும்பும் வரை தனியாக நடந்தவர், திரும்பியதும் என் முழங்கையைப் பிடித்தார். சந்தை கலைந்துகொண்டிருந்தது. நசிந்த தக்காளிப் பழங்களை ஒருவர் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். மாலையிலிருந்து ஒரு பூ, பிறகு இன்னொரு பூ, எங்களுக்குப் பின்னால் விழுந்தது. நான் எதையாவது சொல்ல நினைத்தேன். அவரும் அப்படித்தான் இருந்தார் போல. அவருடைய விரல்கள் என் முழங்கையில் இறுகித் தளர்ந்தன, இறுகித் தளர்ந்தன.

அவருக்கு டி.எல்.ஆர். ரயில். கனரி வோர்ஃபில் மகள் வந்து நிற்பாள். எனக்கு மற்றப் பக்கத்து மேடை. அவருடைய ரயில் கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. அது கடைசி நிலையம், அவசரமில்லாத ரயில். கதவோரத்து இருக்கையில் அவரை இருத்தினேன். வாழ்த்துமடலை மடியில் வைத்தேன். அவர் கையை விடவில்லை.

"உண்மையைச் சொல்லும், தங்கச்சி. கடைசிப் பந்தை ஆர் போட்டது?"

 சந்தோசத்திலை என்று இன்னொருமுறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெடுவல் ஒருத்தன் என்று சொல்லவும் வரவில்லை. இவ்வளவு காலமும் அவருக்குக் கொடுத்தது எண்கள்தான். பையிலிருந்து புள்ளிச் சீட்டை எடுத்தேன். மேலிருந்து கீழ் வரை நானே எழுதிய ஒரே எண். கடைசி வரியில் பென்சில் அழுந்தி, கடதாசி கிழிந்திருந்தது.

"சீட்டிலை இருபத்திரண்டு எண்டுதான் கிடக்கு, அண்ணை."

கதவுகள் மூடப் போவதற்கான கீச்சொலி அடிக்கத் தொடங்கியது. நான் பின்னால் குதித்து மேடைக்கு வந்தேன். அவர் தலையைச் சரித்து, என் முகத்தை விட்டுக் காதைப் பார்த்து, சீசன் முழுக்கக் கேட்காத ஒரு சிரிப்பைச் சிரித்தார்.

"இருபத்திரண்டோ? அப்ப நான்தான்."